கருப்பையா என்ற பெயரில் இனிப் பேச முடியாது

1

இன்றோடு என் அப்பாவின் பெயர் தடைசெய்யப்பட்டு ஒரு மாதம்.

பயப்பட வேண்டாம், இது நாட்டு விவகாரம் இல்லை. இணையத்தில் ஆடும் ஒரு விளையாட்டு. கோட்டைகளும் ஆறுகளும் பாலங்களும் உள்ள ஒரு கற்பனை நாடு. அவரவர் வீட்டில் கணினிக்கு முன்னால் இருந்தபடியே பல தேசத்துப் பிள்ளைகளும் பெரியவர்களும் அதற்குள் ஒன்றாக நடந்து திரிவார்கள், சண்டை பிடிப்பார்கள், எழுத்தில் கதைத்துக்கொள்வார்கள். அந்த நாட்டுக்குள் 'கருப்பையா' என்ற கணக்கு இனி நுழைய முடியாது.

தடைசெய்தது நான். அதற்கென்று ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திவிட்டு, கீழே போய்த் தேநீர் போட்டுக் குடித்தேன். பிறகு மேலே வந்து அடுத்த கோப்பைத் திறந்தேன். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை.

2

என் ஊரான உருத்திரபுரத்தில் என்னைத் தெரிந்தவர்கள் 'மலர் லண்டனில் என்ன செய்கிறாள்' என்று கேட்பதாகக் கேள்வி. பகலில் படிக்கிறேன். கிழமையில் மூன்று நாள் அந்த விளையாட்டை நடத்தும் சிறிய நிறுவனம் ஒன்றில் வேலை. தரைவிரிப்புக் கடை ஒன்றின் மேல்மாடியில் அலுவலகம். சனங்கள் அனுப்பும் அடையாள ஆவணங்கள் உண்மையா பொய்யா என்று பார்ப்பதுதான் என் வேலை.

முன்பு யாரும் எந்தப் பெயரிலும் விளையாடலாம். முகமில்லாத இடத்தில் வாய் நீண்டுவிடும். தோற்றவரைத் தாயோடு சேர்த்துத் திட்டுவது, பெண்பிள்ளை என்று தெரிந்தால் எழுதக் கூசும் சொற்களை எழுதுவது, நாற்பது வயது ஆண் பத்து வயதுச் சிறுமி என்று சொல்லிக்கொண்டு வருவது. அதனால் ஒரு புதுச் சட்டம் போட்டார்கள். கதைக்க விரும்புகிறவர் கடவுச்சீட்டையோ அடையாள அட்டையையோ நகலெடுத்து அனுப்ப வேண்டும். பதினாறு வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆவணத்தில் உள்ள உண்மையான முதற்பெயர்தான் எல்லோருக்கும் தெரியும். பதினாறுக்குக் கீழே உள்ளவர்கள் விளையாடலாம், ஆனால் சொந்தமாக எதையும் எழுத முடியாது. 'வணக்கம்', 'நன்றாக ஆடினாய்', 'எனக்கு உதவி வேண்டும்' என்று ஏற்கனவே எழுதிவைத்த வசனங்களில் ஒன்றைத் தெரிவுசெய்து அனுப்பலாம். அவ்வளவுதான்.

எங்கள் பொறுப்பாளர் ஹெலனுக்கு இந்தச் சட்டத்தில் பக்தி. பெயரும் வயதும் வெளியே தெரிந்தால் மனிதர்கள் ஒழுங்காகப் பேசுவார்கள் என்பார். அது வந்த பிறகு அசிங்கமான முறைப்பாடுகள் குறைந்தது உண்மை. அதை மறைக்கக் கூடாது.

இந்த வேலையில் நான் கெட்டிக்காரி. சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. அடையாள அட்டையை நீட்டிவிட்டு, அதை ஒருவர் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது முகத்தில் ஒன்றும் காட்டாமல் நிற்பது எப்படி என்பதை ஓமந்தைச் சோதனைச்சாவடியில் படித்தவள் நான். இப்போது திருப்பித் திருப்பிப் பார்ப்பவள் நான்.

முதல் நாள் ஹெலன் சொல்லித்தந்த முதல் பாடம்: பிறந்த திகதி ஜனவரி முதலாம் திகதி என்றிருந்தால் சந்தேகப்படு. பொய் சொல்கிறவர்கள் யோசிக்காமல் போடும் திகதி அதுதான். குறிப்புக் கொப்பியில் எழுதிக்கொண்டேன். என்னுடைய பிறந்த திகதியும் ஜனவரி முதலாம் திகதி.

3

அந்தத் திகதியை எனக்குத் தந்தது ஒரு பல்.

அப்பாவும் அம்மாவும் எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத்திலிருந்து ஓடிவந்து உருத்திரபுரத்துக்கு அப்பால் காடு வெட்டிக் குடிசை போட்டவர்கள். அப்பா மற்றவர்களுடைய வயலில் கூலிவேலை. நான் பிறந்ததை யாரும் பதியவில்லை. பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும்போது பிறப்புப் பத்திரம் கேட்டார்கள். அம்மாவுக்குத் தெரிந்தது, காலபோக நெல்லு வெட்டிக்கொண்டிருந்த கிழமையில் நான் பிறந்தேன் என்பது மட்டும்தான். வைத்தியர் என் வாயைத் திறக்கச் சொல்லிக் கடைவாய்ப் பல்லைப் பார்த்தார். லிகிதர் ஜனவரி முதலாம் திகதி என்று எழுதினார். அதற்குப் பெயர் உத்தேச வயதுச் சான்றிதழ். எங்கள் குடும்பத்தில் அரச முத்திரை குத்திய முதல் தாள் அதுதான். அப்பா அதைப் பொலித்தீன் பையில் போட்டுக் கூரைத் தடியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

சந்தேகம் வந்தால் நிராகரி என்பது இங்கே சட்டம். பதிவாளர்களே இல்லாத ஊர்களிலிருந்து வரும் ஜனவரி முதலாம் திகதிகளை நான் நிராகரிக்கிறேன். ஒரு நாளில் ஏழு, எட்டு. பொத்தான் ஒன்றுதான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். உயர்தரம் படிக்கும்வரை போனேன். ஆறாம் வகுப்பில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் நாள், ஆசிரியை "உருத்திரபுரமோ?" என்று கேட்டார். நான் "ஆமாங்க டீச்சர்" என்றேன். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் இருந்த பிள்ளை கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு கேட்டாள்: "நீர் தோட்டக்காட்டோ?"

என்னுடைய பெயர், அப்பாவின் பெயர், வீடு எல்லாம் அவளுக்குத் தெரியும். அவளுடையது எனக்குத் தெரியும். முகத்துக்கு முகம் பார்த்துத்தான் சொன்னாள். யாரும் எதையும் மறைக்கவில்லை.

அன்று பின்னேரம் வாய்க்கால் கரையில் நடந்துவரும்போது, மற்றப் பிள்ளைகள் 'ஆமா'வுக்குப் பதிலாகச் சொல்வதுபோல 'ஓம், ஓம்' என்று பழகிக்கொண்டே வந்தேன். வீட்டில் அம்மா ஏதோ கேட்க, வாயில் அதுவே வந்துவிட்டது. அம்மா சிரித்தா. "என்னாடி ஓம்? கோயில்ல மந்திரமா சொல்றே?"

பிறகு எனக்கு இரண்டு தமிழ். வேலிக்கு உள்ளே ஆமா, வேலிக்கு வெளியே ஓம். கொஞ்ச நாளில் உள்ளேயும் ஓம்தான்.

4

அப்பாவின் பெயர் இங்கே வந்த கதையையும் சொல்ல வேண்டும்.

கடவுச்சீட்டில் நான் கருப்பையா யோகமலர். நம் வழக்கப்படி தகப்பன் பெயர் முன்னால். இங்கே முன்னால் நிற்பதுதான் ஆளின் பெயர். முதல் நாளே கழுத்தில் மாட்டும் அட்டையில் பெரிய எழுத்தில் 'கருப்பையா' என்று அடித்துத் தந்துவிட்டார்கள். ஹெலன், "கருப்பையா, இதைக் கொஞ்சம் பார்" என்பார். பக்கத்து மேசைக்காரர், "கருப்பையா, தேநீர் வேண்டுமா?" என்பார். பிழை என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. பெருவிரல் வைத்துக் கையெழுத்துப் போடுகிற ஒரு மனிதரின் பெயரை வெள்ளைக்காரர் நாளுக்கு இருபது தடவை மரியாதையாகச் சொல்கிறார்கள். நான் ஏன் திருத்த வேண்டும்?

ஒரு செவ்வாய்க்கிழமை ஹெலன் ஒரு முறைப்பாட்டை என் மேசைக்கு அனுப்பினார். தமிழில் இருந்ததால் எனக்கு வந்தது. கனடாவிலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். அவருடைய பதினேழு வயது மகள் விளையாட்டில் பிழையாக ஒரு பாலத்தை உடைத்துவிட்டாளாம். அதற்காகக் கூட விளையாடிய ஒருவர் எல்லோருக்கும் முன்னால் ஆங்கில எழுத்தில் 'தோட்டக்காட்டாள், தோட்டக்காட்டாள்' என்று பதினொரு முறை எழுதியிருக்கிறார். கடிதம் இப்படி முடிந்தது:

"நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான். வேறு யாரும் சொல்லியிருந்தால், கேட்டுப் பழகிய காது என்று விட்டிருப்பேன். கருப்பையா என்று பெயர் வைத்துக்கொண்டு சொல்கிறாரே. எங்கள் ஆளே சொல்கிறாரே. அதுதான் பொறுக்கவில்லை."

மொழிபெயர்த்துக் கொடுத்தேன். ஹெலனுக்கு விளங்கவில்லை.

"தோட்டம் என்றால் பூந்தோட்டமா?"

தேயிலைத் தோட்டம் என்றேன். அங்கே வேலை செய்கிறவர்களைச் சொல்லும் சொல்.

"தோட்டத்தில் வேலை செய்கிறவர் என்பது ஒரு திட்டா?"

"ஓம்," என்றேன். தமிழில் சொல்லிவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

திட்டியவரும் திட்டு வாங்கியவரும் ஒரே இனம்தானே, ஒரே மொழிதானே என்று கேட்டார். ஆம். அப்படியானால் இதை எந்த வகையில் சேர்ப்பது என்று கேட்டார். எங்கள் படிவத்தில் நிறம், மதம், பால், உடற்குறை என்று பெட்டிகள் உண்டு. நான் கடைசியில் இருந்த 'வேறு' என்ற பெட்டியில் அடையாளமிட்டேன்.

பிறகு திட்டியவரின் ஆவணத்தைத் திறந்தேன். கருப்பையா எங்கள் ஆட்களிடையே சாதாரணமான பெயர். யாரோ ஒரு கருப்பையா என்றுதான் நினைத்தேன். திறந்ததும் எண்ணெய் வைத்து வழித்துச் சீவிய தலையோடு, கொழும்பில் அவசரமாக எடுத்த படத்திலிருந்து, நான் என்னைப் பார்த்தேன்.

சரிபார்த்து அனுமதித்தவர் பக்கத்து மேசைக்காரர். நாளுக்கு நூறு ஆவணம் பார்க்கும் அவசரத்தில் அவர் படத்தில் என்னையும் காணவில்லை, ஜனவரி முதலாம் திகதியையும் காணவில்லை. அவரில் குற்றமில்லை. கடவுச்சீட்டு உண்மையானது.

5

எப்படி நடந்தது என்று யோசிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. நான் கமலா அக்கா வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து இருபது வருடத்துக்கு முன்னர் வந்த குடும்பம். விசா நீடிப்புக்காக என் கடவுச்சீட்டை அந்த வீட்டுக் கணினியில் நகலெடுத்துத் தந்தது அவருடைய மகள் அபிரா. வேலை முடிந்ததும் அழித்துவிடு என்று நான் சொல்லவில்லை. ஆவணம் பார்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவள் சொல்லியிருக்க வேண்டும். அபிராவுக்கு வயது பன்னிரண்டு.

ஹெலனிடம் ஒளிக்கவில்லை. படத்தில் இருப்பது நான், எழுதியது நான் இல்லை என்றேன். அவர் என்னை நம்பினார். ஆனால் சட்டம் சட்டம்தான் என்றார். யார் எழுதியது என்று சொன்னால் குற்றம் அந்த ஆளின் பெயருக்கு மாறும். அந்த ஆள் சிறுபிள்ளையானால் பெற்றோருக்குக் கடிதம் போகும். பிள்ளையின் பெயரும் பிறந்த திகதியும் மற்ற விளையாட்டு நிறுவனங்களும் பார்க்கும் பட்டியலில் ஏறும். சொல்லாவிட்டால் ஆவணத்தில் உள்ள பெயர் ஏறும். எப்படியிருந்தாலும் எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். வெள்ளிக்கிழமைக்குள் சொல் என்றார்.

அன்று பின்னேரம் குசினியில் கமலா அக்கா மீன் பொரித்துக்கொண்டிருந்தார். அபிரா மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

"அபிரா, கருப்பையா ஆர்?"

அவள் தலையை நிமிர்த்தவில்லை. "நீங்கதான் அக்கா. பாஸ்போர்ட்ல அப்பிடித்தானே இருக்கு."

"அது என்ர அப்பா."

"ஓ," என்றாள். எழுதிக்கொண்டே, "சொறி."

"தோட்டக்காட்டாள் எண்டா என்னெண்டு தெரியுமோ?"

"ஸ்டுப்பிட் மாதிரி. ஒண்டும் செய்யத் தெரியாத ஆள்." இப்போது நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் கள்ளம் இல்லை. "நீங்க வோஷிங் மெஷினை உடைச்ச அண்டைக்கு அப்பா உங்களைச் சொன்னவர்தானே."

அடுப்பில் எண்ணெய் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. கமலா அக்கா நெருப்பைக் குறைத்தார்.

"அபிரா, மேல போம்மா."

அவள் போன பிறகும் அவர் என் பக்கம் திரும்பவில்லை. மீனைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: "இவர் பகிடிக்குச் சொன்னது மலர். உம்மை நாங்கள் அப்பிடி நினைச்சிருந்தா வீட்டுக்குள்ள வச்சிருப்பமே?"

அலுவலகத்தில் நடந்ததைச் சொன்னேன். கடிதம் வரக்கூடும் என்றதும் அவர் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். கை எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது. கடிதம் வந்தால் இவர் பிள்ளைக்கு அடிப்பார் என்றார். இவருக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது என்றார். அது உண்மை. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து நானும் கேட்டிருக்கிறேன்.

"ஒரு பேர்தானே பிள்ளை," என்றார். "அதுவும் உம்மட பேர் கூட இல்லையே."

"ஓம் அக்கா," என்றேன்.

6

வெள்ளிக்கிழமைவரை யோசித்தேன் என்று சொன்னால் பொய். யோசிப்பதற்குத் தலையில் ஒன்றும் ஓடவில்லை. பேருந்தில் போனேன், வந்தேன். விரிவுரையில் குறிப்பெடுத்தேன். போரில் ஊருக்குப் போகும் பாதை பூட்டிய பிறகு எனக்கு இப்படித்தான் இருக்கிறது. செய்தியில் ஊர்ப்பெயர்கள் வரும். தெரிந்த ஊர் என்று மட்டும் தோன்றும்.

அபிராவின் பெயரைக் கொடுப்பதுதான் நீதி. அவள்தான் எழுதினாள். பதினொரு முறை எழுதினாள். அப்பாவின் பெயர் சுத்தமாகும். ஆனால் அவள் அதைக் கண்டுபிடித்தவள் இல்லை. சாப்பாட்டு மேசையில் கேட்டதைக் கொண்டுபோய் வெளியில் போட்டாள். அந்தச் சொல்லைச் சொன்ன மனிதரின் பெயரும் வயதும் எந்தப் படிவத்திலும் வராது. அவர் விளையாடுகிறவர் இல்லை.

இன்னொன்றும் இருந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் பெயரும் பிறந்த திகதியும் ஒரு பட்டியலில் ஏறுவது. இங்கே அதற்கு அர்த்தம் சின்னது, எனக்குத் தெரியும். ஆனால் சண்டைக்குப் பிடித்துப்போகப் பிள்ளைகளின் வயது கேட்டு வாசலுக்கு ஆள் வந்த ஊரில் வளர்ந்தவள் நான். என் அம்மா லிகிதரிடம் என் வயதைக் குறைத்துச் சொன்னாவா, கூட்டிச் சொன்னாவா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. ஒரு பிள்ளையின் திகதியை ஒரு பட்டியலுக்குக் கொடுக்க என் விரல் மறுத்தது. இதைப் பெருந்தன்மை என்று யாரும் எடுக்க வேண்டாம். மரத்துப்போன காலால் நடக்கும்போது அது பழகின பக்கம்தான் போகும்.

வெள்ளிக்கிழமை ஹெலனிடம் ஒரு பெயரும் சொல்லவில்லை. அவர் பெருமூச்சு விட்டார். "அப்படியானால் நீயே செய்கிறாயா, நான் செய்யட்டுமா?" என்று கேட்டார். நானே செய்தேன். 'கருப்பையா. இழிசொல். நிரந்தரத் தடை.'

கமலா அக்கா அன்று எனக்கென்று தனியாக ஒரு கிண்ணத்தில் பாயசம் எடுத்து வைத்திருந்தார். குடித்தேன். நன்றாக இருந்தது. அபிரா இப்போது பதினாறுக்குக் கீழே உள்ளவர்களின் கணக்கில் விளையாடுகிறாள். அடுத்த அறையில் அவள் பொத்தானை அழுத்தும் சத்தம் கேட்கும். 'நன்றாக ஆடினாய்.' 'நன்றாக ஆடினாய்.'

7

முறைப்பாடு செய்தவருக்குப் பதில் அனுப்புவதும் என் வேலை. அதற்கு அச்சடித்த மாதிரி ஒரு கடிதம் உண்டு. உங்கள் முறைப்பாடு விசாரிக்கப்பட்டது, குறித்த நபர் நிரந்தரமாகத் தடைசெய்யப்பட்டுள்ளார், நன்றி. அதைத் தமிழில் எழுதினேன். வாசித்துப் பார்த்தேன். 'குறித்த நபர்' என்ற இடத்தில் கனடாவில் இருக்கும் அந்தப் பெண் யாரைப் பார்ப்பார் என்று எனக்குத் தெரிந்தது. வெற்றிலைக் கறையோடு, சாரத்தை மடித்துக் கட்டிய ஒரு கருப்பையாவை. தன் சனத்தையே தூற்றிய ஒரு கிழவனை.

வாய்க்காலுக்குத் தண்ணீர் விட மறந்துபோன கமக்காரனைக்கூட என் அப்பா 'ஐயா' போட்டுத்தான் கேட்பார்.

கடிதத்தில் சொந்தமாக ஒன்றும் சேர்க்கக் கூடாது என்பது விதி. கீழே நான்கு வரி சேர்த்தேன். நான் பரீட்சைகளில் எழுதிய தமிழில் அது வரவில்லை. ஓமில் தொடங்கிப் பார்த்தேன், அழித்தேன். கடைசியில், எந்தக் கொப்பியிலும் ஒருநாளும் நான் எழுதாத தமிழில் எழுதினேன்.

"அம்மா, அந்தப் பேரு எங்க அப்பாவோடது. ஆமாங்க, நாங்களும் அங்கேருந்து வந்தவங்கதான். அவரு யாரையும் அப்படிப் பேசுறவரு இல்லீங்க. அவரு பேர வேற ஒருத்தங்க எடுத்துக்கிட்டாங்க."

எழுத்துக்கள் சரியா என்றுகூடத் தெரியவில்லை. அனுப்பிவிட்டேன்.

ஒரு கிழமையில் பதில் வந்தது. "சரிம்மா. மனசு ஆறிருச்சு. மககிட்டயும் சொல்லிட்டேன். அப்பா எந்தத் தோட்டம்?"

எங்கள் ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் கேட்கும் கேள்வி அதுதான். தோட்டத்தின் பெயரைச் சொன்னால், எந்த டிவிஷன், எந்த லயத்து வீடு என்று கேட்டு, யாராவது ஓர் உறவைக் கண்டுபிடித்துவிடுவார்கள். உருத்திரபுரச் சந்தையில் அப்பா அப்படி யாருடனாவது கதைத்துக்கொண்டு நின்றால் நான் பத்தடி தள்ளி நிற்பேன். வீட்டில் அவர் "அங்க தோட்டத்துல இருக்கறப்போ" என்று தொடங்கினால், வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கும், மெதுவாக என்பேன். பிறகு அவர் தொடங்குவதை விட்டுவிட்டார். அந்தத் தோட்டத்தின் பெயர் எனக்குத் தெரியாது.

பதில் பெட்டியில் 'உருத்திரபுரம்' என்று அடித்து அழித்தேன். அப்பாவைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்வார். பாதை பூட்டிய பிறகு இரண்டு தடவை மாங்குளத்துக்குப் போய்த் தொலைபேசிக் கடையிலிருந்து எனக்கு அழைப்பு எடுத்தார். கடைசித் தடவை நான் மழையைப் பற்றிக் கேட்டேன். நெல்லைப் பற்றிக் கேட்டேன். அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை, நான் எடுக்க அங்கே இலக்கமும் இல்லை.

கடிதம் வந்து மூன்று கிழமை. நான் எழுதவில்லை. நேற்று அந்தப் பெண்ணிடமிருந்து இன்னொரு வரி வந்திருந்தது.

"கேட்டது தப்புன்னா மன்னிச்சுக்கம்மா."